மனப்பாடம் ஆகாத ஒரு வரி

போன செவ்வாய்க்கிழமை வத்தலக்குண்டு மண்டியில் மூட்டை இறக்கும் மூக்கையா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். சின்னக் கேள்விதான். ஆனால் பஸ் மலை ஏறி முடிகிறவரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அது என்ன கேள்வி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தப்பு என்னுடையது.

விஷயம் எங்கள் வீட்டு அடுப்படியில் ஆரம்பித்தது.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற பிள்ளைகளுக்கு என் மகள் வள்ளியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். ஒன்பது வயது. நாலாம் வகுப்பு. கொடைக்கானலையும் தாண்டி மேலே இருக்கிற பூண்டியில் எங்கள் வீடு. பூண்டும் கேரட்டும் போடுகிறோம். நான் கன்னிவாடியில் மாமா வீட்டில் தங்கி எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எங்கள் தெருவில் அது பெரிய படிப்பு.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். வெளியே தூறல். அடுப்புக்கு மேலே பூண்டுக் கட்டுகள் புகையில் தொங்குகின்றன. வள்ளி அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து பாடம் படிக்கிறாள். ஒட்டகத்தைப் பற்றிய பாடம். திக்கல் இல்லை, திணறல் இல்லை — மழை பெய்கிற மாதிரி ஒரே சீராகப் படிக்கிறாள். எனக்குப் பெருமை. என் மனைவி பக்கம் திரும்பி, 'கேட்டாயா?' என்பது போலத் தலையை ஆட்டினேன்.

அப்புறம் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன்.

வாய் ஒட்டகத்தின் திமிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. புத்தகத்தில் இருந்த படம்... கப்பல். இரண்டு தாள் சேர்ந்து புரண்டிருக்கிறது. அவளுக்கு அது தெரியவே இல்லை.

தாளைச் சரியாகப் புரட்டி, ஒட்டகப் பாடத்தின் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தேன். இது என்ன என்று கேட்டேன். வள்ளி என்ன செய்தாள் தெரியுமா? உதட்டுக்குள்ளேயே பாடத்தை முதல் வரியிலிருந்து ஓட்டினாள். ஓட்டிக்கொண்டே விரலால் ஒவ்வொரு சொல்லாக எண்ணிக்கொண்டு வந்தாள். என் விரல் இருந்த இடம் வந்ததும் நிறுத்தி, "தண்ணீர்" என்றாள். சரியான விடை. ஆனால் அவள் அந்தச் சொல்லைப் படிக்கவில்லை. பஸ்ஸில் தூங்கிப்போனவர் எத்தனை நிறுத்தம் தாண்டியது என்று எண்ணி ஊரைக் கண்டுபிடிக்கிற மாதிரி கண்டுபிடித்தாள்.

அடுத்து ஒரு சொல்லைத் துண்டுத் தாளில் தனியாக எழுதிக் காட்டினேன். அதே 'தண்ணீர்'தான். வெகுநேரம் பார்த்தாள். "இது எந்தப் பாடத்துல வருது?" என்று கேட்டாள்.

நாலு வருஷம் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்!

மறுநாள் வெள்ளனே எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எங்கள் பள்ளிக்கூடம் ஒரே அறை. அதற்குள் ஐந்து வகுப்பு. ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஆள், லில்லி டீச்சர். கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவர். பயிற்சி முடித்து ஜூன் மாதம்தான் எங்கள் ஊருக்கு வந்தார். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பார். பேச்சில் பாதி இங்கிலீஷ் வரும். கண்டிப்பாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"வள்ளி மட்டும் இல்லைங்க, இருபத்தி மூணு பேரும் அப்படித்தான். வந்த ரெண்டாம் நாளே பார்த்துட்டேன். இவங்களுக்கு வாய் ரீடிங் பண்ணுது. கண்ணு சும்மா இருக்கு."

எப்படி இப்படி ஆனது? யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. லில்லி டீச்சர் வருவதற்கு முன்பெல்லாம் பெரிய பிள்ளைகள் ஒரு வரி சொல்வார்கள், எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் குதிரையில் வருவார். பிள்ளைகள் கோரஸாக இரண்டு பாடம் ஒப்பிப்பார்கள். அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மழைக்கு முன் இறங்கிவிடுவார். நான் படித்ததும் அப்படித்தான். ஆனால் எனக்கு எப்போது கண் திறந்தது? எந்த நாளில், எந்த எழுத்தில்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. உங்களுக்காவது ஞாபகம் இருக்கிறதா?

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லை எழுதி, அதைப் படிக்காமல் வெறுமனே பாருங்கள். கோடும் வளைவுமாக மட்டும் பார்க்க வேண்டும். முடிகிறதா? எனக்கு முடியவில்லை. 'பூண்டு' என்று எழுதினால், பார்க்கும் முன்பே மூக்கில் வாசனை வந்துவிடுகிறது. ஆனால் வள்ளிக்கு அது வெறும் வளைவுதான். ஒரே தாளை ஒரே நேரத்தில் பார்க்கிறோம் — அவள் வேறொன்றைப் பார்க்கிறாள், நான் வேறொன்றைப் பார்க்கிறேன். இந்த இடைவெளியை லில்லி டீச்சர் எப்படித் தாண்டப் போகிறார்? எனக்கு அது தெரிந்தாக வேண்டும் போல இருந்தது. கேரட்டுக்குத் தண்ணீர் கட்டுகிற சோலியைக்கூடத் தள்ளிப் போட்டுவிட்டு, அடிக்கடி பள்ளிக்கூட ஜன்னல் பக்கம் போய் நிற்க ஆரம்பித்தேன்.

டீச்சர் முதலில் செய்த காரியம்: புத்தகங்களை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இது பிடிக்கவில்லை.

அப்புறம் பிள்ளைகளிடம், நாளைக்கு வரும்போது வீட்டிலிருந்து ஆளுக்கொரு சொல் கொண்டு வாருங்கள் என்றார். புத்தகத்தில் இல்லாத சொல்லாக இருக்க வேண்டும். ஒருத்தி 'கம்பளி' கொண்டு வந்தாள். ஒருவன் தன் குதிரையின் பேரைக் கொண்டு வந்தான். டீச்சர் அதைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பார். அது அந்தப் பிள்ளையின் சொல். மறுநாள் அந்தச் சொல்லைத் துண்டு துண்டாக வெட்டிக் கையில் கொடுத்து, சேர்த்துவை என்பார். சேர்த்தவுடன், உன் சொல்லில் இருக்கிற எழுத்து இன்னும் யாருடைய சொல்லில் இருக்கிறது, போய்த் தேடு என்பார். அறை முழுக்கப் பிள்ளைகள் தவழ்ந்துகொண்டு எழுத்து தேடுவார்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் 'க' இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கம்பளியில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு, களவு போன பொருள் கிடைத்த மாதிரி கத்துவான்.

எல்லோரும் சொல் கொண்டு வந்தார்கள், மயிலைத் தவிர. மயிலு என் மச்சான் வேலுச்சாமியின் மகள். வள்ளிக்கு மாமன் மகள். அவளுக்குப் பத்து வயது. கோரஸில் வாயை மட்டும் அசைத்து நாலு வருஷத்தை ஓட்டியவள். டீச்சர் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒன்பது நாள் வெறுங்கையோடு வந்தாள். பத்தாம் நாள் டீச்சர் காதுக்குப் பக்கத்தில் போய், "புகை" என்றாளாம். வள்ளி வந்து சொன்னாள். அவர்கள் வீட்டில் எப்போதும் பூண்டுக்குப் புகை போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த ஊதாப் புகையிலேயே வளர்ந்த பெண். வேறு எந்தச் சொல்லைக் கொண்டு வருவாள்?

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. தினமும் காலையில் ஒரு பிள்ளை போர்டுக்குப் போய், அன்றைக்கு நடந்த ஒரு விஷயத்தை ஒரே வரியில் எழுத வேண்டும். தெரியாத எழுத்துக்கு டீச்சர் கை கொடுப்பார். மற்றவர்களில் ஒருவர் அதை வாசிக்க வேண்டும். 'எங்கள் கோழி கூரையில் முட்டை இட்டது.' 'மாமா பல் விழுந்தது.' அந்த வரியை யாரும் முன்னால் கேட்டதில்லை. மனப்பாடம் செய்திருக்க முடியாது. கண் வேலை செய்தே தீர வேண்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் வாசித்தால் மட்டும் போதாது. வரியில் இல்லாத ஒன்றைக் கேள்வியாகக் கேட்க வேண்டும். எந்தக் கூரை? ஏணி போட்டு எடுத்தீர்களா? பல் எப்படி விழுந்தது? மாமா பல் விஷயத்தில் கேள்விகள் மதியம் வரை போனதாகக் கேள்வி.

இரண்டு மாதத்தில் வள்ளிக்குக் கண் திறந்துவிட்டது. தீப்பெட்டி, சோப்புத் தாள், மருந்து பாட்டில் — எதையும் விடவில்லை. அவள் அம்மா 'உப்பு' என்று எழுதிய ஜாடிக்குள் சர்க்கரை போட்டு வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, மேலே 'சர்க்கரை' என்று எழுதி ஒட்டினாள்.

இங்கேதான் என் தப்பு வருகிறது.

டீச்சர் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார்: எழுத்து என்றால் அதை வாசிக்க யாராவது இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் எங்கே எழுதினால் யாருக்குப் பயன்படும், யோசியுங்கள். பிள்ளைகள் யோசித்தார்கள். ஒருவன் குதிரையின் கழுத்தில் 'குதிரை' என்று எழுதிய அட்டையைக் கட்டினான். குதிரை அட்டையைத் தின்றுவிட்டது. வள்ளி சொன்னாள், "பூண்டு மூட்டையில பேர் எழுதலாம்."

எங்கள் ஊர் மூட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூட்டைகள் குதிரைப் பொதியாக லாரி நிற்கும் இடத்துக்குப் போய், அங்கிருந்து லாரியில் வத்தலக்குண்டு இறங்கும். எல்லார் மூட்டையும் ஒரே லாரி. அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி உண்டு. சாக்கின் மேல் காவியால் போடுவோம். எங்களுக்கு ஏணி. வேலுச்சாமி மச்சானுக்கு வட்டமும் நடுவில் புள்ளியும். மற்றவர்களுக்கு மீன், சூலம், மூன்று கோடு. தாத்தா காலத்துக் குறிகள். மண்டியில் மூக்கையாவும் அவருடைய ஆட்களும் குறியைப் பார்த்துத்தான் அவரவர் மூட்டையைத் தனித்தனியாக அடுக்குவார்கள்.

டீச்சர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார், குறிக்குப் பக்கத்தில் பேரை எழுதுங்கள் என்று. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஊர்ச் சாக்கையெல்லாம் எங்கள் களத்தில் கொண்டு வந்து குவித்தார்கள். பெரியவர்கள் காட்டு வேலையில். நான் மட்டும் இருந்தேன். தார் உருக்கிக் கொட்டாங்குச்சியில் ஊற்றிக் கொடுத்தேன். வள்ளி முதல் சாக்கைக் கையில் எடுத்தாள். மேலெல்லாம் காவி, அழுக்கு, பழைய கறை. என் மகள் முதல் முதலாக ஊருக்குத் தெரிய எழுதப் போகிறாள் — இந்த அழுக்கிலா?

"உள்பக்கம் சுத்தமா கெடக்கு பாருங்க. சாக்கைப் புரட்டிப் போட்டு எழுதுங்க," என்றேன்.

சொன்னதோடு விடவில்லை. நானே உட்கார்ந்து ஒவ்வொரு சாக்கையும் புரட்டிக் கொடுத்தேன். ஏணியும் வட்டமும் மீனும் சூலமும் உள்ளே போயின. வெளியே புத்தம் புதுப் பேர்கள்.

யாருக்குமே தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். மூட்டை பிடிக்கும்போது எல்லோரும்தான் பார்த்தார்கள். தன் பேர் பெரிய எழுத்தில், தன் பிள்ளை கையால் எழுதி இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் உள்ளே போன மீனையா நினைப்பார்கள்? வேலுச்சாமி மச்சான் மயிலு எழுதிய எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கையில் ஒட்டிய தாரைத் துடைக்காமலே நடந்தார்.

மறுநாள் லாரி முன்னால் போயிற்று. நான் பின்னால் பஸ்ஸில் போனேன். மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றது. இரண்டு மணி நேரம் கழித்து மண்டிக்குள் நுழைந்தால், எங்கள் ஊர்ப் பூண்டு மொத்தமும் ஒரே அம்பாரமாகக் கிடக்கிறது.

மூக்கையா வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஒரு சாக்குலயும் குறி இல்லைங்க. சரி, இந்தத் தடவை எல்லாம் ஒரே ஆளு சரக்குன்னு நெனச்சுக் கொட்டிட்டோம்."

"எழுத்து இருந்துச்சே, மூக்கையா..."

"பாத்தேங்க. சாக்குக் கம்பெனிக்காரன் போடுற எழுத்துன்னு நெனச்சேன்."

அவர் மேல் என்ன தப்பு? சாக்கில் எத்தனையோ எழுத்து அச்சடித்து வருகிறது. அதை யார் வாசிக்கிறார்கள்? எழுத்துத் தெரிந்த கணக்கர் சாப்பிடப் போயிருந்தார்.

பூண்டில் தரம் உண்டு. வேலுச்சாமி மச்சானுடைய பூண்டு இரண்டு மாதம் புகையில் காய்ந்தது. கையில் எடுத்தால் கலகலவென்று இருக்கும். வேறு சிலருடையது போன வாரம் பிடுங்கிய ஈரப்பூண்டு. இரண்டும் கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. மொத்தமும் ஈரப்பூண்டு விலைக்குப் போனது. மச்சானுடைய இரண்டு மாதப் புகை... வீண்.

அன்றைக்குச் சாயங்காலமே ஊர் கூடிவிட்டது. யார் புரட்டச் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவை இல்லை என்று நினைத்தார்கள். புத்தகத்தைப் பூட்டிவைக்கிற டீச்சர், பிள்ளைகளைத் தரையில் தவழவிடுகிற டீச்சர் — வேறு யார் சொல்லியிருப்பார்கள்? நாளையிலிருந்து யாரும் பிள்ளையை அனுப்பக் கூடாது, டீச்சரை மாற்றச் சொல்லி மேலே எழுதிப் போட வேண்டும் என்று முடிவாயிற்று. இன்னொரு டீச்சர் எதற்கு, பள்ளிக்கூடமே எதற்கு என்றும் சிலர் கேட்டார்கள். பிள்ளைகள் பூண்டு உரித்தாலாவது பிரயோசனம்.

நான் அங்கேதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? இதை எழுதும்போதும் கூசுகிறது. ஊரில் எட்டாவது படித்தவன் நான். கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். பத்திரிகையில் எழுதுகிறவன். சாக்கைப் புரட்டினால் குறி உள்ளே போகும் என்பது தெரியாத ஆள் என்று பேர் வாங்க மனம் வரவில்லை. அவ்வளவுதான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

வள்ளியை மட்டும் நான் நிறுத்தவில்லை. இரண்டு நாள் அவள் தனியாகப் போனாள். ஐந்து வகுப்பு இருக்கிற அறையில் ஒரு டீச்சர், ஒரு பிள்ளை. வீட்டுக்கு வந்தால் என்னிடம் பேச மாட்டாள். இரண்டாம் நாள் சாப்பிடும்போது மட்டும் கேட்டாள்.

"டீச்சர் பொட்டியில துணி அடுக்குறாங்க. நீங்க எப்பப்பா சொல்லப் போறீங்க?"

நான் குழம்பை ஊற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்கள். நேரிலேயே சொல்லிவிடுவது என்று. பிள்ளைகளின் சிலேட்டையும் பலகையையும் திரும்ப எடுத்துவர அவர்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வேலுச்சாமி மச்சான் மயிலின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் கடைசியில் போனேன்.

மச்சான் சொல்ல வேண்டியதைச் சொன்னார். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் அதைவிடக் கடுமையாக இருந்தது. லில்லி டீச்சர் முழுக்கக் கேட்டார். புரட்டச் சொன்னது தான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வள்ளி அவரிடம் எல்லாம் சொல்லியிருப்பாள் என்பது எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது. ஒரு பிள்ளையின் அப்பாவை ஊர் நடுவே காட்டிக்கொடுக்க அவர் விரும்பவில்லை.

"சரிங்க, போயிடுறேன். ஒன் மினிட். இன்னிக்கு வரி எழுத வேண்டியது வள்ளியோட முறை. அதை மட்டும் முடிச்சுக்கிறோம்."

வள்ளி எழுந்து போர்டுக்குப் போனாள். சாக்கட்டி கீச்சிட்டது. யார் கையும் கொடுக்காமல், மெதுவாக, பெரிய எழுத்தில் எழுதினாள். எழுத்துத் தெரியாத ஊர்க்காரர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியுமே! இரண்டாவது சொல் முடியும்போதே என் காது சுட்டது. படிக்காமல் வெறும் கோடாகப் பார்க்க அன்றைக்கு எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா?

டீச்சர் திரும்பி, யார் வாசிக்கிறீர்கள் என்று கேட்டார். அப்புறம் மயிலு அப்பாவின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு முன்னால் போனாள்.

"சா... க்... கை. சாக்கைப்... பு... புரட்ட... புரட்டச் சொன்னது..."

மச்சானின் கழுத்து நீண்டது. தன் மகளின் குரலை அந்த அறைக்குள் அவர் கேட்பது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"டீச்சர்... இல்லை. எங்க... அப்பா."

எல்லோரும் சட்டென்று வேலுச்சாமி மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் திகைத்துப் போனார். "ஏ புள்ள, நான் எங்க சொன்னேன்?"

மயிலு திரும்பிப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். வள்ளியைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"நீங்க இல்லப்பா. எழுதுனது வள்ளில்ல? அப்ப அவ அப்பா. மாமாதான்."

எழுத்தை ஒலியாக்கியது மட்டுமா? எழுதியது யார், 'எங்க' என்றால் யார் என்றெல்லாம் தானே யோசித்துச் சொல்கிறாள். ஜன்னலுக்கு வெளியே நின்று இரண்டு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்தது கண் முன்னால் நடக்கிறது. அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

"ஆமா மச்சான்," என்றேன். "நான்தான் சொன்னேன். நானேதான் புரட்டியும் கொடுத்தேன். டீச்சரம்மா குறிக்குப் பக்கத்துலதான் எழுதச் சொன்னாங்க. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

மச்சான் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சந்தேகமாக டீச்சரிடம் கேட்டார், "இதை முன்னாலயே சொல்லிக் குடுத்து வச்சிருந்தீங்களா?"

இல்லை என்றார் டீச்சர்.

மச்சான் போர்டைக் கையாலேயே அழித்தார். டீச்சரின் பக்கத்தில் போய், வேறு யாருக்கும் கேட்காமல், என்னவோ சொன்னார். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை எழுதினார். மயிலு வாசித்தாள். இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக.

"என் பூண்டு மாதிரி பூண்டு... இந்த மலையிலேயே கிடையாது."

யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் அறையே சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை. அந்த வரியின் கீழே விரலை வைத்து, இன்னொரு தடவை வாசி என்றார். வாசித்தாள். இன்னொரு தடவை என்றார்.

வெளியே வரும்போதுதான் என்னிடம் பேசினார். "மாப்ளே, ஊர்ச் சாக்கு பூராவும் நீதான் திரும்பப் புரட்டணும். குறியும் நீதான் போடணும். வெரசா முடி, அடுத்த லாரிக்கு வேணும்." அப்புறம் மயிலைப் பார்த்து, "நீ உள்ள போ. மணி ஆச்சு."

டீச்சர் பெட்டியைப் பிரித்துத் துணிகளைத் திரும்பக் கொடியில் போட்டதாக வள்ளி சொன்னாள்.

சாக்குகளைப் புரட்ட இரண்டு நாள் ஆனது. தனியாகத்தான் செய்தேன். ஏணி, வட்டம், மீன், சூலம் எல்லாவற்றுக்கும் புதுக் காவி. ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் பிள்ளைகள் மறுபடி பேர் எழுதினார்கள், இந்தத் தடவை அழுக்கின் மேலேயே. எங்கள் மூட்டைகளில் தன் பேரைத்தான் போடுவேன் என்று வள்ளி பிடிவாதம் பிடித்தாள். நான் எதிர்த்துப் பேசக்கூடிய நிலையிலா இருந்தேன்?

அதற்கப்புறம் நாலு லாரி இறங்கிவிட்டது. ஒரு மூட்டையும் மாறவில்லை. போன செவ்வாய்க்கிழமை மண்டிக்குப் போனபோதுதான் மூக்கையா என்னைத் தனியாக ஓர் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுற்றும் முற்றும் பார்த்தார். தன் ஆட்கள் கேட்டுவிடக் கூடாது என்று கூச்சம்.

"சிரிக்கக் கூடாதுங்க. உங்க ஏணி மூட்டையில இருக்கிற மொத எழுத்தும், வத்தலக்குண்டு பஸ்ஸு போர்டுல இருக்கிற மொத எழுத்தும் ஒண்ணு போலத் தெரியுது. சரிதானா, இல்லை எனக்குத்தான் அப்படித் தெரியுதா?"

நான் சிரிக்கவில்லை. சரிதான் மூக்கையா, 'வ' என்றேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலைங்க. ஏணி எனக்குத் தெரியும். பக்கத்துலயே அது நிக்குது. லாரி வர்றப்பல்லாம் பாத்துப் பாத்து..." என்று நிறுத்திவிட்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார்.

நாற்பது வயதுக்கு மேலே ஒரு மனிதருக்குக் கண் திறக்கிறது. அறை இல்லை, போர்டு இல்லை, தெரிந்த ஏணிக்குப் பக்கத்தில் தெரியாத எழுத்து ஒன்று நின்றது, அவ்வளவுதான். லில்லி டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு காலண்டர் தாளைக் கிழித்து, ஏணி, வட்டம், மீன், சூலம் எல்லாவற்றையும் வரைந்து, பக்கத்தில் பேர்களை எழுதித் தந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை மூக்கையாவிடம் கொடுக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் கொடுப்பேன்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் வள்ளியிடம் வாசிக்கக் கொடுத்தேன். விரல் வைக்காமல், எண்ணாமல், முழுதும் வாசித்தாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"நல்லாத்தான்ப்பா இருக்கு. ஆனா தப்பு உங்களோடதுன்னு நடுவுலதான் வருது. மொதல்லயே போடுங்க."

போட்டுவிட்டேன். முதல் பத்தியின் கடைசி வரியைப் பாருங்கள்.